தயிர் பூசிய சிலுவை

கெல்த்வெயிட்
9 மார்ச் 1997

அன்புள்ள ஹெதருக்கு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் ரிசீவரை வைத்துவிடுகிறேன். உன் அம்மாவைக் கேட்டால் கத்துவது நான், வைப்பது நீ என்கிறாள். கடிதம் என்றால் அந்த வம்பில்லை. தபால்பெட்டிக்கு நடப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதியை உனக்கு அனுப்புகிறேன்.

இன்று அன்னையர் ஞாயிறு. பிள்ளைகள் அம்மாமார்களுக்கு டாஃபடில் பூங்கொத்து கொடுத்து முடித்ததும் பாதிரியாரம்மா அறிவிப்புகளை வாசித்தார். கேக் விற்பனை, கூரை நிதி, அப்புறம் பேராயர் அலுவலகத்துக் கடிதம். கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற நம் கற்சிலுவை மழையில் கரைகிறதாம். நகரத்து மியூசியத்துக்குக் கொண்டுபோய்விடலாமா என்று யோசிக்கிறார்களாம். ‘முனைவர் ஹெதர் டைசன் தந்த அறிக்கையின் பேரில்.’

பெற்ற மகள் பெயரை ஆலயத்தில் வாசித்தால் தகப்பன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார வேண்டும். நான் பாட்டுப் புத்தகம் கீழே விழுந்த மாதிரி குனிந்து, அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்வரை அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். புத்தகம் என் கையில்தான் இருந்தது.

வாசலில் எட்னா பிராட்பென்ட் பிடித்துக்கொண்டாள். பூ அலங்காரக் குழுவுக்கு அவள்தான் தலைவி என்பது உனக்குத் தெரியும். இந்த ஊரில் நான் பயப்படுகிற இரண்டு பெண்களில் ஒருத்தி என்பதும் தெரியும்.

“ஏன் க்ளிஃப், பொண்ண டர்ஹமுக்கு அனுப்பிப் படிக்க வெச்சது இதுக்குத்தானா? நம்ம சிலுவையப் பேத்துக்கிட்டுப் போறதுக்கா?”

“அவ ஒரு யோசனைதான் சொல்லியிருக்கா எட்னா.”

“என் வீட்டுக்காரரு அந்தச் சிலுவை மேல கை வெச்சுத்தான் ‘என்னைக் கட்டிக்கிறியா’ன்னு கேட்டாரு. இனிமே நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் பொண்ணு கேக்கணும்னா, டிக்கெட் எடுத்துக்கிட்டு மியூசியத்துக்குப் போகணுமா?”

நான் உன் அம்மாவைக் கேட்டதும் அங்கேதானே. அன்றும் மழைதான். என் தைரியத்தைத் தவிர எதுவும் கரையவில்லை.

மே மாதம் ஒரு அதிகாரி வருகிறார். ஊர் அந்தச் சிலுவையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வாராம். ஆலயத்து மூப்பர் என்கிற முறையில் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் பால் வண்டி ஓட்டியவன். யார் வீட்டு வாசலிலும் அழுக்குப் பாட்டிலை வைத்தவனில்லை. நாங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் வந்து பார்க்கட்டும்.

உன் அம்மா, நீ அனுப்பிய வாழ்த்து அட்டைக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

உன் அப்பா


டர்ஹம்
13 மார்ச்

அன்புள்ள அப்பா,

ஆலயத்தில் வாசித்துத்தான் உங்களுக்குத் தெரிய வந்தது என்பது என் தப்பு. மன்னித்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொல்ல வாயெடுத்தேன். வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் நீங்கள் கிரிக்கெட் அணியைத் திட்ட ஆரம்பித்தீர்கள்.

அறிக்கைக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். அது சிவப்பு மணற்கல். அதைச் செதுக்கி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அதைத் தின்றது கடைசி நூறு வருஷத்துப் புகையும் மழையும்தான். கிழக்குப் பக்கம் கை தூக்கி நிற்கிற சின்ன மனிதனைத் தெரியும் இல்லையா? என் தாத்தா காலத்துப் போட்டோவில் அவனுக்குக் கண், மூக்கு, மீசைகூட இருக்கிறது. இப்போது உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறான். உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் கெல்த்வெயிட்டில் ஒரு சிவப்புக் கம்பம் நிற்கும். எதற்காக அது அங்கே நிற்கிறது என்று எட்னா அம்மாவின் பேரன் கேட்பான்.

எனக்கும் அது அங்கேயே நிற்க வேண்டும் என்றுதான் ஆசை. அதன் நிழலில் உட்கார்ந்துதான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அது இல்லையென்றால் பழங்கற்களைப் பாதுகாக்கிற இந்த வேலையே எனக்குக் கிடையாது.

மகள், ஹெதர்

பி.கு. ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நீங்கள் பார்த்துக்கொண்ட என் சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்று ஞாபகம் இருக்கிறதா? சிலுவையைத் தொடாதீர்கள். புல்லை வெட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள்.


கெல்த்வெயிட்
17 மார்ச்

அன்புள்ள ஹெதருக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. சனிக்கிழமை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏன் என்று கேட்காதே. தபால்காரருக்குச் சளி.

இங்கே வானம் வெளுத்திருக்கிறது. உன் அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. ஜாஸ் நிக்கல்சன் ஆட்டுக்கு இரட்டைக் குட்டி. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

ஆமாம், பேச்சுவாக்கில் ஒன்று கேட்கிறேன். பழைய கல்லின் மேல் சாம்பல் நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் படர்ந்திருக்குமே, கல்பாசி, அது வளர எத்தனை நாள் ஆகும்? ஒரு மாதம் போதுமா?

உன் அப்பா


டர்ஹம்
20 மார்ச்

அப்பா,

வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். கிழக்குப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஆரஞ்சுப் படலம் இருக்கிறதே, அது முளைத்த காலத்தில், முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், லண்டனில் ராஜாவின் தலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் கேட்கிறீர்கள்?

ஹெதர்


கெல்த்வெயிட்
24 மார்ச்

அன்புள்ள ஹெதருக்கு,

சும்மாதான். வயசானால் இயற்கையின் மேல் ஆர்வம் வந்துவிடுகிறது.

அப்பா


டர்ஹம்
14 ஏப்ரல்

அப்பா,

நேற்று வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள்.

“அப்பா எங்கேம்மா?”

“சர்ச்சுல.”

“என்ன பண்றாரு?”

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா சிரித்தால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முதலில் கெட்டில் கொதிக்கிற சத்தம், அப்புறம் மூச்சே வராது. அதற்கு நடுவில் ‘தயிர்’ என்று ஒரே ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது. மறுபடி கேட்டேன். “உங்கப்பன்கிட்டயே கேளு” என்று வைத்துவிட்டாள்.

கேட்கிறேன். சர்ச்சில் தயிருக்கு என்ன வேலை?

ஹெதர்


கெல்த்வெயிட்
17 ஏப்ரல்

அன்புள்ள ஹெதருக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசி. பக்கத்தில் உடைகிற பொருள் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

அந்தச் சனிக்கிழமை, உன் கடிதம் வருவதற்கு முன்னால், நான் சிலுவையைச் சுத்தம் செய்துவிட்டேன். பால் கேன் தேய்க்கிற கம்பி பிரஷ், சலவைச் சோடா கரைத்த இரண்டு வாளித் தண்ணீர். விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை தேய்த்தேன். அழுக்கு வாளி வாளியாக வந்தது. அழுக்கு என்றுதான் நினைத்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், புதுச் செங்கல் மாதிரி பளிச்சென்று இருந்தது. எட்னாகூட வந்து பார்த்து, “க்ளிஃப், உனக்கு இவ்வளவு உழைக்கத் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றாள். என் வாழ்க்கையில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை உன் கடிதம். ‘தொடாதீர்கள்.’ அதற்குப் பிறகு அந்த ராஜா தலை.

என்ன செய்வது? ரேடியோவில் தோட்டக்கலைக்காரர் ஒருவர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. புதுக் கல்தொட்டியைப் பழையதாகக் காட்ட வேண்டுமென்றால் தயிர் பூசுங்கள், பாசி பிடித்துக்கொள்ளும் என்றார். நான் பால் வண்டிக்காரன். தயிருக்கா பஞ்சம்? தேதி கடந்த டப்பாக்களை டிப்போவில் சும்மாவே கொடுத்தார்கள். பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே வரை இரண்டு பூச்சு. கடைசியில் வெறும் தயிர் தீர்ந்துவிட்டது. மேற்குப் பக்கத்துக்கு ஸ்ட்ராபெரித் தயிர்.

கல்பாசி வரவில்லை. வேறெல்லாம் வந்தது. முதலில் பூனைகள். பிறகு ஜாஸின் ஆடுகள் சுவர் தாண்டி வந்து, சின்ன மனிதனை இடுப்பு வரை நக்கிவிட்டன. மூன்றாவதாக நாற்றம். போன சனிக்கிழமை ஒரு கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் சிலுவைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கமாயிற்றே. போட்டோக்காரர் “சிரிங்க, சிரிங்க” என்கிறார். பெண்ணோ கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்க மாட்டேன் என்கிறாள். மாமியார்க்காரி, மருமகள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள் என்று நினைத்துத் தானும் அழுதாள்.

நேற்று எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவினேன். சத்தியமாகத் தேய்க்கவில்லை, ஊற்றினேன், அவ்வளவுதான்.

மே ஆறாம் தேதி அந்த அதிகாரி வருகிறார். ஆடு உரசியது என்று சொல்லிவிடலாமா? உன் அபிப்பிராயம் என்ன?

உன் அப்பா


டர்ஹம்
21 ஏப்ரல்

அப்பா,

சிரிக்க முயற்சி செய்தேன். மாமியார் அழுத இடம் வரை முடிந்தது.

நீங்கள் தேய்த்தது அழுக்கில்லை. அந்தக் கல்லுக்கு அது தோல். காலப்போக்கில் இறுகிப்போன மேல்பரப்பு. கல்பாசியோடு சேர்ந்து அதுவும் வாளியில் வந்துவிட்டது. உள்ளே இருக்கிற கல் சர்க்கரைக் கட்டி மாதிரி. தண்ணீர் உள்ளே இறங்கும், உறைபனியில் விரியும், உதிரும். இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். இப்போது அப்படி எழுத எனக்குத் தைரியம் இல்லை. வருகிற குளிர்காலத்தைத் தாண்டுமா என்பதே தெரியாது.

மே ஆறாம் தேதி நான் வருவதாகத்தான் இருந்தது. என்னை விலக்கிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். சொந்த அப்பா செய்ததை நான் வந்து எடை போட முடியாது. வருகிறவர் மிஸஸ் ஓல்ட்ராய்ட். கெட்டிக்காரி.

ஆடு என்று சொல்லாதீர்கள். உண்மை தெரிந்தால்தான் அந்தக் கல்லுக்கு என்ன வைத்தியம் செய்வது என்று அவர்களால் முடிவுசெய்ய முடியும். எப்படித் தேய்த்தீர்கள், எதை ஊற்றினீர்கள், எல்லாம் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லவில்லையென்றால் நான் சொல்லுவேன். அப்படி ஒரு நிலைமையை எனக்குக் கொண்டுவராதீர்கள்.

ஹெதர்


கெல்த்வெயிட்
7 மே

அன்புள்ள ஹெதருக்கு,

நேற்றுக் கூட்டம் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மிஸஸ் ஓல்ட்ராய்ட் என் தோள் உயரம்கூட இல்லை. கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு சிலுவையை நான்கு பக்கமும் பார்த்தாள். மேற்குப் பக்கம் வந்ததும் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். கொஞ்சம் யோசித்தாள்.

பிறகு ஊர் மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். “சமீபத்துல யாரோ இதைச் சுரண்டியிருக்காங்க. என்ன நடந்ததுன்னு யாராவது சொல்ல முடியுமா?” என்று கேட்டாள்.

ஊரே கூரையைப் பார்த்தது. எட்னாவுக்குத் தெரியும், பாதிரியாரம்மாவுக்குத் தெரியும், ஆடுகளுக்குக்கூடத் தெரியும். ஜாஸ்தான் மெதுவாக, “காத்துங்க. இந்தப் பக்கம் காத்து ரொம்ப மோசம்” என்றான்.

“காத்து, கம்பி பிரஷ் தடம் போடுமா?”

“மேற்கத்திக் காத்துங்க” என்றான் ஜாஸ்.

எட்னாவும் விடவில்லை. “போன மாசம் ஆலங்கட்டி மழைகூடப் பேஞ்சுது. ஒவ்வொண்ணும் இத்தாத்தண்டி.”

ஹெதர், நான் ஒரு பெரிய மனிதனில்லை. ஆனால் எனக்காக ஒரு ஊரே ஆலயத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்லுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் என்னைவிட அந்த ஆடுகள் தேவலை. எழுந்துவிட்டேன். பிரஷ், சோடா, தயிர், எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஸ்ட்ராபெரி?” என்று கேட்டாள் மிஸஸ் ஓல்ட்ராய்ட்.

“மேற்குப் பக்கம் மட்டும்தாங்க.”

“நான் என் மூக்குக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்” என்றாள்.

மண்டபமே சிரித்தது. ஜாஸ் என் முதுகில் தட்டி, “நீ ஒரு கழுதை க்ளிஃப். ஆனா எங்க கழுதை” என்றான்.

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. நீ எழுதினாயே, அதையே அவளும் சொன்னாள். இன்னொரு குளிர்காலம் அது வெளியே நிற்கக் கூடாது. மியூசியத்தில் இடம் தயார். உன் அறிக்கையால் முடியாததை என் பிரஷ் முடித்துவிட்டது. அப்படியே பூமி பிளந்தால் நல்லது என்றிருந்தது.

பாதிரியாரம்மாதான் கேட்டார்: “கூரைக்குக் கீழ நிக்கணும், அவ்வளவுதானே? எங்ககிட்டயும் ஒரு கூரை இருக்கே.”

உடனே எல்லோரும் எழுந்து ஆலயத்துக்குள் போனோம். மிஸஸ் ஓல்ட்ராய்ட் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பலிபீடத்துப் பக்கம் ஈரம். தெற்குச் சுவரில் வெந்நீர்க் குழாய். வடக்கில் தரைக்குக் கீழே கல்லறையில் யாரோ பிரபு படுத்திருக்கிறார். கனத்தைத் தாங்குகிற, காய்ந்த, குழாய் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. பின்பக்கம், தூணுக்குப் பின்னால், கடைசி பெஞ்சு.

என் பெஞ்சு. தூண் மறைக்கிற பெஞ்சு. பிரசங்க நேரத்தில் நான் கண்ணை மூடித் தியானிப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிற பெஞ்சு.

“இது யார் உக்காருற இடம்?” என்றாள்.

“யாருமில்லீங்க. எடுத்துக்குங்க” என்றேன்.

கமிட்டி கை தூக்கியது. எட்னா தூக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, “உனக்கு ஒரு பெஞ்சு போச்சு க்ளிஃப். எனக்கு என் கல்யாண நாள் போச்சு” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டாள். தன் வீட்டுக்காரர் போன பிறகு, ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவள் அங்கே போய் நிற்பாள். நான் புல் வெட்டுகிற சாக்கில் பார்த்திருக்கிறேன்.

பேராயர் அலுவலகம் ஒப்புக்கொண்டால் அக்டோபருக்குள் உள்ளே வரும். ஒப்புக்கொள்ளும் என்றுதான் அந்த அம்மா சொன்னாள்.

நீ எழுதியது சரிதான். அறிக்கையையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். இதை உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உன் அப்பா


டர்ஹம்
12 மே

அன்புள்ள அப்பா,

மிஸஸ் ஓல்ட்ராய்ட் இங்கே வந்து, தேநீர்கூடக் குடிக்காமல் முழுக் கதையும் சொன்னாள். ‘மேற்கத்திக் காத்து’ எங்கள் ஆபீஸில் இப்போது ஒரு வாசகமாகிவிட்டது. காப்பி சிந்தினாலும் மேற்கத்திக் காத்துதான்.

அவளுடைய அறிக்கையில் உங்கள் பெயர் இல்லை. ‘உள்ளூர் ஆர்வலர் ஒருவரின் அளவுகடந்த அக்கறையால் மேல்பரப்பு இழப்பு’ என்று எழுதியிருக்கிறாள். சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

மியூசியத்துக்கு வராததில் என் மேலதிகாரிக்கு வருத்தம். எனக்கு இல்லை. உங்கள் ஆலயத்துக்குள் ஒரு இடம் காலியாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெஞ்சை நான் என் அறிக்கையில் கணக்கிலேயே எடுக்கவில்லை. பூகம்பம் வந்தாலும் அசையாது என்று நினைத்திருந்தேன்.

தூக்கிவைக்கிற அன்று நான் வருகிறேன், மகளாக இல்லை, மேற்பார்வைக்கு. நீங்கள் எதையும் பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. தேநீர் ஃபிளாஸ்க் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் தங்குகிறேன். அது மகளாக.

எட்னா அம்மாவுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

அன்புடன், ஹெதர்


கெல்த்வெயிட்
19 அக்டோபர்

அன்புள்ள ஹெதருக்கு,

நீ ரயில் ஏறிய அன்றிலிருந்து உன் அம்மா, சிலுவையைத் தூக்கும்போது நீ போட்டிருந்த இரும்புத் தொப்பியைப் பற்றியே பேசுகிறாள். ஆறு ஆண்பிள்ளைகளை நீ அதட்டியதைக் கேட்டு, “என்னை மாதிரியே” என்று பூரித்துப்போனாள். நான் ஃபிளாஸ்க்கை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை நீயும் கவனித்திருப்பாய். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இன்று அது உள்ளே வந்த பிறகு முதல் ஞாயிறு. நானும் உன் அம்மாவும் முதல் வரிசையில். வேறு இடமில்லை. பாதிரியாரம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு பிரசங்கத்தைக் கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறார். யாரும் என்னிடம் சொல்லவே இல்லை.

எட்னா எங்களுக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில். மே மாதத்திலிருந்து என்னிடம் பேச்சுவார்த்தை கிடையாது. பூ ஜாடியை நகர்த்தச் சொல்வதென்றாலும் உன் அம்மா மூலமாகத்தான். உள்ளே வரும்போது சிலுவைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அதைப் பார்த்து என் மனசு கனத்துப்போயிற்று. கல் பிழைத்தது, ஆனால் அவளிடமிருந்து நான் எடுத்தது எடுத்ததுதானே.

பிரசங்கம் பாதி நடக்கும்போது வானம் இருட்டியது. மழை ஆரம்பித்தது. சாதாரண மழை இல்லை. ஈயக் கூரையில் ஆலங்கட்டி விழுகிறது, உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி. பாதிரியாரம்மா இரண்டு வாக்கியம் கத்திப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அவரும் கூரையைப் பார்த்தார்.

உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவேன். பழக்கதோஷத்தில் இன்றும் பாதி எழுந்துவிட்டேன். உன் அம்மா கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அப்போதுதான் பின்னால் எட்னா எழுகிற சத்தம் கேட்டது. அவள் பெஞ்சு கிறீச்சிடும். திரும்பிப் பார்த்தேன். அவள் நேராகப் பின்பக்கம் நடந்தாள். சிலுவைக்கு முன்னால் நின்றாள். யாரும் தொடாமலிருக்க மிஸஸ் ஓல்ட்ராய்ட் சுற்றிலும் கட்டிவிட்ட கயிற்றை ஒரு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே போய், கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். காய்ந்திருக்கிறதா என்று பார்த்தாளோ, வேறு எதற்கோ, எனக்குத் தெரியாது. பிறகு கூரையைப் பார்த்து, ஆலயம் முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“கொட்டட்டும்!”

முதலில் ஜாஸ் சிரித்தான். பிறகு எல்லோரும். பாதிரியாரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. ஆலங்கட்டி மேலே கொட்டுகிறது, கீழே நாங்கள் சிரிக்கிறோம், அந்தக் கல் எல்லோருக்கும் பின்னால் நனையாமல் நிற்கிறது.

எட்னா தன் இடத்துக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் எதுவோ இடித்தது. இரண்டாவது வரிசையில் இருந்தவர்கள் கை மாற்றி அனுப்பிய பெப்பர்மிண்ட் மிட்டாய்ப் பை. ஒன்று எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பினேன். பை மறுபடியும் என்னிடமே வந்துவிட்டது. பின்னாலிருந்து குரல்: “இன்னொண்ணு எடு க்ளிஃப். பிரசங்கம் இன்னும் பாதி இருக்கு.”

உன் அப்பா